டீபக்கர் பாதியில் விழுந்தால் எங்கிருந்து தேடுவது?

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் ப்ளூ பில் என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, அதைக் கணினியோடு இணைக்கும் எஸ்டி-லிங்க் கருவி, ஒரு கொத்து ஜம்பர் ஒயர் எல்லாம் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் கிடைத்துவிடும். அன்று மாலையே எல்இடி மினுக்கத் தொடங்கிவிடும். சிக்கல் அதற்கு அப்புறம்தான். புரோகிராமை வரி வரியாக நிறுத்திப் பார்க்க உதவும் டீபக்கர், நிறுத்தச் சொன்ன இடத்தில் (பிரேக்பாயின்ட்) ஒழுங்காக நிற்கும். அடுத்த வரிக்குப் போக இரண்டு தடவை ஸ்டெப் கொடுத்ததும் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். திரையில் 'டார்கெட் டிஸ்கனெக்டட்' என்றோ 'ஜிடிபி சர்வர் க்விட் அன்எக்ஸ்பெக்டட்லி' என்றோ ஒரு செய்தி வரும். அதைப் படித்தால் ஒன்றும் புரியாது.

இந்த இடத்தில் பலரும் எல்லாவற்றையும் பிடுங்கித் திரும்பச் செருகுகிறார்கள். சாஃப்ட்வேரை அழித்து மறுபடி போடுகிறார்கள். சில நேரம் சரியாகவும் ஆகிவிடும், ஆனால் எது சரிசெய்தது என்று தெரியாததால் அடுத்த வாரம் அதே இடத்தில் நிற்பார்கள். முதலில் யார் விழுந்தது என்று கண்டுபிடியுங்கள், ஏன் விழுந்தது என்பதை அப்புறம் பார்க்கலாம். இந்த வரிசையை மாற்றாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

ப்ளூ பில்லில் இருக்கும் எஸ்டிஎம்32எஃப்103 சிப், எஸ்டி-லிங்கை இயக்கும் ஓபன்ஓசிடி, டீபக் வேலையின் மையமான ஜிடிபி, கோடு எழுதும் விஎஸ் கோட், லினக்ஸ் ஆகியவற்றை வைத்து எழுதுகிறேன். வேறு சிப், வேறு கருவி என்றாலும் தேடும் முறை இதேதான்.

எத்தனை பேர் நடுவில் இருக்கிறார்கள்

டீபக்கர் ஒரே புரோகிராம் கிடையாது. லாரித் தண்ணீரை வரிசையில் நின்று குடம் குடமாகக் கைமாற்றுகிற மாதிரி, உங்கள் ஒரு 'ஸ்டெப்' கட்டளை பல கை மாறித்தான் சிப்புக்குப் போகிறது. விஎஸ் கோட் அதைக் கோர்டெக்ஸ்-டீபக் எக்ஸ்டென்ஷனிடம் தருகிறது. அது ஜிடிபியிடம் தருகிறது. ஜிடிபி ஒரு நெட்வொர்க் போர்ட் வழியாக ஓபன்ஓசிடியிடம் பேசுகிறது, ஓபன்ஓசிடியின் வழக்கமான எண் 3333. ஓபன்ஓசிடி யூஎஸ்பி வழியாக எஸ்டி-லிங்கிடம், எஸ்டி-லிங்க் இரண்டு மெல்லிய ஒயர் வழியாகச் சிப்பிடம். இவற்றில் யார் விழுந்தாலும் விஎஸ் கோட் காட்டுவது ஏறக்குறைய ஒரே செய்தியைத்தான். அதனால்தான் அந்தச் செய்தியை நம்பித் தேடக் கூடாது.

இன்னொரு விஷயத்தை இங்கேயே பிரித்துவிடுவோம். டீபக்கர் நின்ற இடம் 'ஹார்ட்ஃபால்ட் ஹேண்ட்லர்' என்று காட்டினால் டீபக்கர் நன்றாகத்தான் இருக்கிறது, விழுந்தது உங்கள் ஃபர்ம்வேர், அதாவது சிப்பில் ஓடும் உங்கள் புரோகிராம். 'கரப்ட் ஸ்டாக்?' என்று கேள்விக்குறியோடு ஜிடிபி சொல்வதும் பெரும்பாலும் அதே கதைதான். இந்தச் சிப்பில் ரேம் மொத்தமே 20 கேபி. ஃபங்ஷனுக்குள்ளே பெரிய அரேயை அறிவித்துவிட்டு ஸ்டாக் (ஃபங்ஷன்களின் தற்காலிக நினைவகம்) வழிந்தால் டீபக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை. சிஎஃப்எஸ்ஆர் என்ற ரெஜிஸ்டரைப் பாருங்கள், எந்த வகைத் தவறு என்று அதில் இருக்கும். கோர்டெக்ஸ்-எம்0, எம்0+ மாதிரிச் சிறிய சிப்புகளில் அந்த ரெஜிஸ்டர் கிடையாது.

மூன்று டெர்மினல்

விஎஸ் கோடை மூடுங்கள். மூன்று டெர்மினல் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

முதல் டெர்மினலில் கெர்னல் செய்திகளை ஓடவிடுங்கள். 'டிமெசேஜ்' (dmesg) கட்டளையோடு சிறு கோடு போட்டு டபிள்யூ சேர்த்தால் செய்திகள் வர வர அச்சாகிக்கொண்டே இருக்கும். எஸ்டி-லிங்கைச் செருகினதும் 0483 என்ற தயாரிப்பாளர் எண்ணும், வி2 வகை என்றால் 3748 என்ற பொருள் எண்ணும் தெரிய வேண்டும். எதுவுமே வரவில்லை என்றால் மேலே படிக்காதீர்கள், கேபிளை மாற்றுங்கள். நீட்சிக் கேபிள்களில் சார்ஜ் மட்டும் செய்கிறவை நிறைய உண்டு, உள்ளே டேட்டா ஒயரே இருக்காது.

இரண்டாவதில் ஓபன்ஓசிடியைக் கையால் ஓட்டுங்கள். எஸ்டி-லிங்க் அமைப்புக் கோப்பு, எஸ்டிஎம்32எஃப்1 அமைப்புக் கோப்பு இரண்டையும் கொடுத்தால் போதும். எத்தனை பிரேக்பாயின்ட், எத்தனை வாட்ச்பாயின்ட் என்று ஒரு வரி வந்து, 3333-இல் காத்திருப்பதாகச் சொல்லும். மூன்றாவதில் ஜிடிபியை, கம்பைல் செய்து கிடைத்த உங்கள் எல்ஃப் கோப்போடு திறந்து 3333-உடன் இணையுங்கள். சரி, இப்போது விழவையுங்கள். முன்பு எதைச் செய்தபோது விழுந்ததோ அதையே செய்யுங்கள்.

விழுந்ததும் ஒன்றையும் தொடாமல் மூன்றையும் பாருங்கள். எது முதலில் பேசியது? கெர்னல் பக்கத்தில் 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்று வந்திருந்தால் இது மின்சாரச் சமாச்சாரம், புரோகிராமைத் தொடவே வேண்டாம். கெர்னல் அமைதியாக இருக்க, ஓபன்ஓசிடி மட்டும் 'போலிங் ஃபெயில்டு' என்று திரும்பத் திரும்பச் சொன்னால் ஒயரோ சிப்போ காரணம். ஓபன்ஓசிடி 'டிராப்டு ஜிடிபி கனெக்ஷன்' என்று ஒரே வரி சொல்லிவிட்டு நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தால் போனது ஜிடிபி. மூன்றும் மணிக்கணக்கில் நன்றாக ஓடுகிறது, விஎஸ் கோடில் மட்டும்தான் விழுகிறது என்றால் எக்ஸ்டென்ஷன் அமைப்பைப் பாருங்கள்.

ஓபன்ஓசிடி பத்து வரி எரர் கொட்டினால் கண் தானாகக் கடைசி வரிக்குப் போகும். மேலே ஏறி முதல் வரியைப் படியுங்கள். மற்ற ஒன்பதும் முதல் வரியின் விளைவுகளாகத்தான் இருக்கும்.

விண்டோஸில் இருப்பவர்களுக்குக் காதே போதும். விழுகிற நொடியில் யூஎஸ்பி பிடுங்கும் சத்தம் கேட்டால் அது முதல் வகை.

மின்சாரச் சமாச்சாரம்

அலுமினியக் கூட்டில் வரும் எஸ்டி-லிங்க் நகல்களில் பின் வரிசை எல்லாவற்றிலும் ஒன்றில்லை. பார்க்க அச்சு அசலாக ஒன்று போலவே இருக்கும், ஆனால் ஒன்றில் எஸ்டபிள்யூடிஐஓ என்ற டேட்டா பின் இருக்கும் இடத்தில் இன்னொன்றில் கிரவுண்ட் இருக்கும். இணையத்தில் பார்த்த படத்தை வைத்து ஒயர் செருகாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் கூட்டின் மேல் என்ன அச்சடித்திருக்கிறதோ அதுதான் கணக்கு. சந்தேகம் என்றால் கூட்டைத் தள்ளி உள்ளே போர்டில் எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம் மல்டிமீட்டர். போர்டின் 3.3 பின்னில் உண்மையில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று புரோகிராம் ஓடும்போது அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது 3.3 காட்டி, டிஸ்ப்ளேயும் சென்சாரும் ஓடத் தொடங்கினதும் 2.9-க்கு இறங்கினால் எஸ்டி-லிங்கால் அவ்வளவு சுமை தாங்க முடியவில்லை. போர்டுக்குத் தனியாக மின்சாரம் கொடுங்கள். கொடுத்தால் எஸ்டி-லிங்கிலிருந்து வரும் மின் ஒயரைக் கழற்றிவிடுங்கள், கிரவுண்டை மட்டும் பொதுவாக வையுங்கள்.

ஒயர்தான் காரணமா என்று தெரிந்துகொள்ள எளிய வழி வேகத்தைக் குறைப்பது. ஓபன்ஓசிடியில் 'அடாப்டர் ஸ்பீட்' மதிப்பை 100-க்கு இறக்குங்கள். 100 கிலோஹெர்ட்ஸில் மணிக்கணக்கில் விழாமல் ஓடி, 4000-இல் உடனே விழுந்தால் ஒயரின் நீளமோ கிரவுண்டோ சரியில்லை. பழைய பாடங்களில் 'அடாப்டர் கேஹெர்ட்ஸ்' என்று இதற்கு வேறு பெயர் இருக்கும். 2021-இல் வந்த 0.11 பதிப்பில் மாற்றினார்கள். முப்பது சென்டிமீட்டர் ஒயருக்குப் பதில் பத்து சென்டிமீட்டர் போடுங்கள், கடிகார ஒயர் பக்கத்தில் இரண்டாவது கிரவுண்ட் ஒன்றை ஓட்டுங்கள். திருவொற்றியூர், பெசன்ட் நகர் மாதிரிக் கடலோரம் வேலை செய்பவர்கள் ஹெடர் பின்களையும் ஒருமுறை பாருங்கள். உப்புக்காற்றில் பின் கறுத்துப்போய்த் தொடர்பு விட்டு விட்டு வரும். ஒயரை அசைத்தால் ஓடுகிறது, கையை எடுத்தால் விழுகிறது என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

எங்கள் தெருவில் ஒரு கல்லூரி மாணவி, இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு சம்ப் மோட்டார் கன்ட்ரோலர் செய்துகொண்டிருந்தாள். மேல் டேங்க் காலியானால் மோட்டார் ஓட வேண்டும், சம்ப்பில் தண்ணீர் இல்லை என்றால் நிற்க வேண்டும். லாரித் தண்ணீரை நம்பியிருக்கிற வீடுகளுக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற பொருள்.

"அக்கா, திரும்பவும் போச்சு. கோட்ல எந்தத் தப்பும் இல்ல, நாலு தடவ பாத்துட்டேன்."

மூன்று டெர்மினல் திறந்து வைத்தோம். ஸ்டெப், ஸ்டெப், ஸ்டெப், எல்லாம் சரி. ரிலேயை இயக்குகிற வரி வந்தது, 'டிக்' என்றது, ஒன்றும் ஆகவில்லை. அணைக்கிற வரி வந்தது. 'டக்' என்ற சத்தமும் 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்ற வரியும் ஒன்றாக வந்தன.

போர்டைத் திருப்பிப் பார்த்தால் ஜீரோ பிசிபியில் ஒரு 5 வோல்ட் சுகர் கியூப் ரிலே, அதை இயக்க ஒரு பிசி547 டிரான்சிஸ்டர். காயிலுக்குக் குறுக்கே டையோடு இல்லை. காயில் மின்சாரம் திடீரென்று நிற்கும்போது அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் உயர் வோல்ட்டேஜாகத் திரும்ப அடிக்கும். அணைக்கிற நேரத்தில் மட்டும் விழுந்ததற்குக் காரணம் அதுதான். ஒரு 1என்4007 டையோடை, வெள்ளைக் கோடு உள்ள முனை பிளஸ் பக்கம் வருகிற மாதிரி காயிலுக்குக் குறுக்கே சால்டர் செய்தோம். ரிலேக்கு 5 வோல்ட்டைத் தனி அடாப்டரிலிருந்து எடுத்தோம். மேசையில் அதன்பின் ஒருமுறைகூட விழவில்லை.

மேசையில் என்று சொல்கிறேன், ஏனென்றால் மோட்டாரை மாட்டினால் கதை வேறு. ரிலே கான்டாக்ட்டில் மோட்டார் சுமை முறியும்போது பொறி பறக்கும், அந்த இரைச்சல் காற்றிலேயே வந்து யூஎஸ்பியை விழவைக்கும். அதைவிடப் பெரிய விஷயம், 230 வோல்ட் ஓடுகிற போர்டில் லேப்டாப்பை நேரடியாக இணைத்து டீபக் செய்வது ஆபத்து. மோட்டார் பக்கத்தைக் கழற்றிவிட்டு ரிலே சத்தத்தை மட்டும் கேட்டு டீபக் செய்யுங்கள். மோட்டாரோடு பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஏடியூஎம்3160 சிப் போட்ட யூஎஸ்பி ஐசொலேட்டர் ஒன்றை நடுவில் வையுங்கள். எஸ்டி-லிங்க் வி2-வின் வேகத்துக்கு அது போதும். அது லேப்டாப்புக்குத்தான் காப்பு, மின்சாரம் ஓடுகிற போர்டில் கை வைக்கலாம் என்று அர்த்தமில்லை.

அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி இன்னும் முக்கியம். பக்கத்துக் கூடத்தில் வெல்டிங் மெஷின் ஓடும்போது மட்டும் டீபக்கர் விழுகிறதா என்று கவனியுங்கள். இன்னொரு சோதனை, லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார்ப்பது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகியிருந்தால் எர்த் இருக்காது, லேப்டாப்பின் உலோக உடம்பு லேசாகச் சுரீர் என்னும். அப்போது போர்டின் கிரவுண்டை எர்த் உள்ள வேறு கருவியோடு இணைத்தாலே யூஎஸ்பி விழலாம். பேட்டரியில் சரியாக ஓடினால் முதல் வேலையாக எர்த்தைச் சரிசெய்யுங்கள்.

சிப்பே கதவை மூடிக்கொள்வது

யூஎஸ்பி நன்றாக இருக்கிறது, ஒயர் நன்றாக இருக்கிறது, ஓபன்ஓசிடிக்குச் சிப் கிடைக்கவில்லை. புதியவர்கள் "சிப் எரிஞ்சு போச்சு" என்று தூக்கிப்போடுவது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் எரிந்திருக்காது.

டீபக்குக்கான பிஏ13, பிஏ14 இரண்டும் சாதாரணப் பின்களாகவும் பயன்படக்கூடியவை. தொடக்கக் கோடை எழுதித் தரும் கியூப்எம்எக்ஸ் மென்பொருளில் 'சிஸ்' பகுதியில் டீபக் என்ற இடத்தை 'சீரியல் ஒயர்' என்று மாற்றாமல் விட்டால், அது எழுதித் தரும் எஃப்1 கோடு அந்த வாசலை அடைத்துவிடும். முதல் தடவை ஃபிளாஷ் ஆகும், அடுத்த தடவை இணையாது. திறக்க எளிய வழி: பூட்0 ஜம்பரை 1-க்கு மாற்றி ரீசெட் அழுத்துங்கள். உங்கள் புரோகிராமுக்குப் பதில் சிப்பின் உள்ளே இருக்கும் பூட்லோடர் ஓடும், வாசல் திறந்தே இருக்கும். இணைத்து, பழையதை அழித்து, சரிசெய்த ஃபர்ம்வேரைப் போட்டு, ஜம்பரை 0-க்குத் திருப்புங்கள். என்ரீசெட் பின்னிலிருந்து ஒயர் போட்டிருந்தால் ரீசெட்டைப் பிடித்தபடியே இணைக்கும் முறையும் உண்டு.

அடுத்தது தூக்கம். புரோகிராம் 'ஸ்டாப்' நிலைக்குப் போனால் கடிகாரம் நிற்கும், டீபக்கருக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. மூன்றாவது வாட்ச்டாக், அதாவது புரோகிராம் தொங்கினால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர். நீங்கள் பிரேக்பாயின்ட்டில் நிறுத்திக் காபி குடித்துக்கொண்டிருப்பீர்கள், வாட்ச்டாக் எண்ணிக்கொண்டே இருக்கும். இந்தச் சிப்பின் தனி வாட்ச்டாக்கை ஏறக்குறைய 26 விநாடிக்கு மேல் தள்ள முடியாது. நேரம் முடிந்ததும் ரீசெட் செய்துவிடும், டீபக்கருக்குக் காலடியில் தரை நழுவிவிடும். இரண்டுக்கும் மருந்து டிபிஜிஎம்சியூ ரெஜிஸ்டர். டீபக் நேரத்தில் தூக்கத்திலும் கடிகாரம் ஓடட்டும், சிப் நிற்கும்போது வாட்ச்டாக்கும் நிற்கட்டும் என்று அதில் சொல்லலாம். ஓபன்ஓசிடியின் எஃப்1 கோப்பு இதைத் தானாகவே எழுதிவிடும், வேறு கருவி என்றால் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். போர்டில் வெளியே தனி வாட்ச்டாக் சிப் இருந்தால் இது எதுவும் உதவாது, டீபக் முடியும்வரை அதன் ரீசெட் ஒயரைப் பிரித்து வையுங்கள்.

'அன்எக்ஸ்பெக்டட் ஐடிகோட்' என்று வந்தால் போர்டில் இருப்பது வேறொரு நிறுவனத்தின் இணையான சிப்பாக இருக்கலாம். அசல் சிப் 1பிஏ01477 என்று பதில் சொல்லும், சில இணைச் சிப்புகள் 2பிஏ01477 என்று சொல்லும். ஓபன்ஓசிடிக்கு எதிர்பார்க்கும் எண்ணை மாற்றிக் கொடுத்தால் வேலை நடக்கும். ஆனால் வாடிக்கையாளருக்குப் போகும் பொருளில் அப்படி மாற்றிவிட்டு மறந்துவிடாதீர்கள், வாங்கினவரிடம் கேளுங்கள்.

பிரேக்பாயின்ட் எண்ணிக்கையும் இங்கே வரும். இந்தச் சிப்பில் ஹார்ட்வேர் பிரேக்பாயின்ட் 6 மட்டுமே. நீங்கள் ஆறையும் வைத்துவிட்டால் 'ஸ்டெப் ஓவர்' செய்ய டீபக்கருக்கு ஒன்றும் மிஞ்சாது. பழைய இஎஸ்பி32 என்றால் இரண்டே இரண்டு.

ஜிடிபியே விழுந்தால்

திறக்கும்போதே விழுந்தால் லைப்ரரிப் பிரச்சினை. தனியாக இறக்கிய ஆர்ம் டூல்செயினின் பழைய பதிப்புகள் என்கர்சஸ் 5-ஐக் கேட்கும், புதிய உபுண்டுவில் அது இருக்காது. 'எல்டிடி' கட்டளை எது காணவில்லை என்று காட்டிக்கொடுக்கும். அதோடு மல்லுக்கட்டுவதைவிட 'ஜிடிபி-மல்டிஆர்ச்' பேக்கேஜைப் போட்டுக்கொள்வதே மேல் என்பது என் கருத்து.

நிறுத்தினதும் விழுந்தால் வேரியபிள்ஸ் பேனலைச் சந்தேகியுங்கள். சி++ எழுதுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ஃபங்ஷனின் முதல் வரியில் நிறுத்துகிறீர்கள். உள்ளே 'அளவுகள்' என்று ஒரு வெக்டர் இருக்கிறது, ஆனால் அதை உருவாக்கும் வரி இன்னும் ஓடவில்லை. அதன் தொடக்கமும் முடிவும் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டாக்கில் கிடந்த பழைய குப்பை எண்கள். பைதான் சேர்ந்த ஜிடிபி அதை நம்பி, இதில் பல லட்சம் உறுப்புகள் இருக்கின்றன என்று எண்ணி ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கும். நினைவகம் தீர்ந்து விழும், அல்லது பதில் வராமல் டைம்அவுட் ஆகும். நீங்கள் செய்தது பேனலைத் திறந்து வைத்தது மட்டும்தான். பேனலை மூடிவிட்டு அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் 'டிசேபிள் ப்ரெட்டி-பிரின்டர்' கொடுத்துவிட்டு வேலையைத் தொடருங்கள், அல்லது வெக்டர் உருவான வரிக்குக் கீழே பிரேக்பாயின்ட்டை நகர்த்துங்கள்.

சிப்பின் ரெஜிஸ்டர்களைக் காட்டும் பெரிஃபெரல் பேனலும் சாதுவானது இல்லை. சீரியல் தொடர்புக்கான யூஆர்ட்டின் டேட்டா ரெஜிஸ்டரைப் பேனல் படித்தால், வந்த எழுத்தை உங்கள் புரோகிராமுக்கு முன்னால் அதுவே எடுத்துக்கொண்டதாக ஆகிவிடும். புரோகிராம் அந்த எழுத்துக்காகக் காத்துக்கொண்டே நிற்கும், தொங்கிவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள்.

ஸ்டெப் கொடுத்தால் வரிகள் கன்னாபின்னா என்று தாவுகிறதா? சிப்பில் இருப்பதும் கையில் இருக்கும் எல்ஃப் கோப்பும் ஒன்றுதானா என்று 'கம்பேர்-செக்ஷன்ஸ்' கொடுத்துப் பாருங்கள். ஒன்றுதான் என்றால் ஆப்டிமைசேஷனை 'ஓஜி' நிலைக்கு இறக்குங்கள்.

எங்கிருந்தோ நகலெடுத்துப் போட்ட ஜிடிபிஇனிட் கோப்பும் காரணமாக இருக்கலாம். 'என்எக்ஸ்' விருப்பத்தோடு திறந்தால் ஜிடிபி அதைப் படிக்காது, ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

யாரிடமாவது கேட்பதற்கு முன்

ஓபன்ஓசிடியை 'டி3' விருப்பத்தோடு ஓட்டி, வெளிவருவதைக் கோப்பில் சேமியுங்கள். ஜிடிபியில் 'செட் டீபக் ரிமோட் 1' கொடுத்தால் அது அனுப்பிய, பெற்ற ஒவ்வொரு பாக்கெட்டும் தெரியும். பதில் வராமல் நின்ற பாக்கெட் எது என்பதுதான் அனுபவசாலிகள் முதலில் கேட்கும் கேள்வி. இவற்றோடு ஓபன்ஓசிடி, ஜிடிபி இரண்டின் பதிப்பு எண், சிப்பின் மேல் அச்சடித்திருக்கும் முழு எழுத்து, ஒயர் இணைப்பின் ஒரு தெளிவான போட்டோ. இவ்வளவும் இருந்தால் அலுவலகத்தில் சீனியரிடம் போய் நிற்கத் தயங்க வேண்டாம்.

இன்னொரு செலவும் சொல்கிறேன், கையில் காசு இருந்தால் செய்யுங்கள். ஒரு நியூக்ளியோ-64 போர்டு வாங்கி வையுங்கள். அதன் மேல் பகுதியிலேயே அசல் எஸ்டி-லிங்க் இருக்கிறது. பெரும்பாலான வகைகளில் சிஎன்2 என்று எழுதியிருக்கும் இரண்டு ஜம்பர்களையும் எடுத்துவிட்டால் அது வெளிப் போர்டுக்கும் வேலை செய்யும், ஒயர்களை சிஎன்4-இலிருந்து எடுக்க வேண்டும். சந்தேகப்படும் ப்ளூ பில்லை அதில் மாட்டிப் பாருங்கள். அதிலும் அதே இடத்தில் விழுந்தால் போர்டையும் ஃபர்ம்வேரையும் பாருங்கள். விழவில்லை என்றால் பழைய எஸ்டி-லிங்கின் மேல் மார்க்கரால் ஒரு குறுக்குக் கோடு போட்டு ஓரமாக வைத்துவிடுங்கள், தெரியாமல் வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்த மாட்டார்கள்.